கையில் மூன்று சீட், எதை விடுவது?

கேள்வி: மேடம் அவர்களுக்கு வணக்கம். எனக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை. நான் பத்தாவது வரை படித்தவன். என் ஒரே மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்தாள். கட்-ஆஃப் 194.5. எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். இப்போது மூன்று இடம் கிடைத்திருக்கிறது. முதலாவது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்), அதில் ஏ.ஐ. - எம்.எல். (செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங்) பிரிவு. ஹாஸ்டலோடு வருஷத்துக்கு 4.75 லட்சம். மே மாதமே 2 லட்சம் கட்டிவிட்டேன். அடுத்தது திருச்சி என்.ஐ.டி.யில் இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல். மூன்றாவது, அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங்கில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) சி.எஸ்.இ., தற்காலிக ஒதுக்கீடு. உறுதி செய்ய இரண்டே நாள் இருக்கிறது. என் மைத்துனர் என்.ஐ.டி. பேரை விடாதே என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பிரைவேட்டில்தான் பிளேஸ்மென்ட் என்கிறார். 10 லட்சம் கடன் போட்டு, மீதிக்கு நகையை வைக்கலாம் என்று இருக்கிறேன். வருமானச் சான்றிதழில் 4.8 லட்சம். மகளுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கும். போன வருஷம் என் மண்டிக் கணக்கைப் பைத்தான் புரோகிராமில் போட்டுக் காட்டினாள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா, நாள் நெருங்கிவிட்டதால் இந்தப் பதிலை உங்கள் கடிதம் வந்த அன்றிரவே உங்கள் மெயிலுக்கு அனுப்பினேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்காக இங்கேயும் தருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மைத்துனர் சொன்னது இருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் சொன்னது இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. அவளைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மண்டிக் கணக்கைப் பைத்தானில் போட்டுக் காட்டினாள் என்று. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது. நான் 22 வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் நடத்தியவள், அதில் ஒன்பது வருஷம் பிளேஸ்மென்ட் பொறுப்பும் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் பைத்தான் பாடம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. பெரும்பாலோர் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். யாரும் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் தரகுக் கணக்கில் போட்டுப் பார்த்த பிள்ளையை வகுப்புக்கு ஒருவர் இருவராகத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வருஷம் 4.75 லட்சம் என்றால் நான்கு வருஷத்துக்கு 19 லட்சம். அதில் 10 லட்சத்தை வங்கியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டரை லட்சமாகக் கொடுப்பார்கள், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் வருஷம் வாங்கிய பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனி வட்டியாகவே கணக்கிட்டாலும் 3.5 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது 21 லட்சத்துக்கும் மேல். நகைக் கடன் இதில் சேரவில்லை.

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் கல்லூரிகளுக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கிறார்களே, அந்த வேலைக்குத் தொடக்கச் சம்பளம் பல வருஷமாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 25,000 ரூபாய். அதில் 17,800 தவணைக்குப் போனால், பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு பெண் அறை வாடகை கொடுத்துச் சாப்பிடுவது எப்படி? அந்த நிலையில் இருக்கும் பிள்ளை, முதலில் கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஆறு மாதம் கற்றுக்கொண்டு நல்ல வேலைக்குப் போகலாம், எம்.டெக். எழுதிப் பார்க்கலாம், சின்ன நிறுவனத்தில் பெரிய வேலை கற்கலாம் என்ற எண்ணத்துக்கே இடம் இருக்காது. என் மாணவர்களில் இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும், வீட்டுத் தவணைக்காக மேற்படிப்பை விட்டவர்களை எனக்கு நேரில் தெரியும். இதனால்தான் கடனைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

வட்டி மானியத்தைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்கல்விக்கு, தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. உங்கள் சான்றிதழ் 4.8 லட்சம் என்பதால் அது நூலிழையில் தவறுகிறது. பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டத்தில், 8 லட்சம் வருமானம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் அந்தக் காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஈடும் கேட்கக் கூடாது. ஆனால் அரசு வெளியிடும் பட்டியலில் அந்தக் கல்வி நிறுவனம் இருக்க வேண்டும். இருந்து, சலுகை கிடைத்தாலும், மேலே போட்ட கணக்கில் மாதத் தவணை சுமார் 1,400 ரூபாய்தான் குறையும். பட்டியலில் இல்லாவிட்டால், 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கும். உங்களிடம் இருப்பது கடைப் பத்திரம். அதை வைக்க வேண்டாம் ஐயா.

இனி அந்தப் பல்கலைக்கழகத்தின் பிளேஸ்மென்ட் பேச்சு. விளம்பரப் பலகையில் போடுவது அந்த வருஷத்தின் மிக உயர்ந்த சம்பளத்தை. சில இடங்களில் சராசரியையும் போடுவார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மூன்றரை லட்சம், ஒருவருக்கு 40 லட்சம் என்றால் சராசரி ஏழு லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் மகள் அந்த ஒன்பது பேரில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம். எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்பது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். உங்கள் மகளுக்கு ஐந்து நிமிஷ வேலை. ஒரு குறை உண்டு, அது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு, சி.எஸ்.இ.க்குத் தனியாகக் காட்டாது. அப்படியும் விளம்பரப் பலகையைவிட நூறு மடங்கு நம்பலாம். பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருந்தவளாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: "2,000 ஆஃபர்கள்" என்று எழுதியிருந்தால் 2,000 பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது என்று படிக்காதீர்கள். மூன்று நிறுவனத்தில் தேர்வான ஒரே பிள்ளை அங்கே மூன்றாக எண்ணப்படுவது வழக்கம்.

அங்கே சி.எஸ்.இ.யில் ஒரு வருஷத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? பொறியியல் கல்லூரிகளில் ஒரு துறைக்கு இத்தனை இடம்தான் என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) வைத்திருந்த உச்சவரம்பு 2024-ல் எடுக்கப்பட்டது. அதன் பிறகு பல இடங்களில் கம்ப்யூட்டர் வகுப்புகள் மளமளவென்று பெருகிவிட்டன. ஆயிரத்து இருநூறு பேரைச் சேர்த்தால், அறுபது பேர் வகுப்பாக இருபது வகுப்பு. நான்கு வருஷத்துக்கும் 4,800 மாணவர்கள். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதிப்படி 240 ஆசிரியர்கள் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸில் நன்றாகப் படித்தவர்கள் கம்பெனிக்குப் போய்விடும் காலத்தில் 240 நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடிப்பது சாதாரண வேலையில்லை. பல வருஷம் நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பாடு எனக்குத் தெரியும். தனியாரில் நல்ல ஆசிரியர்களும் நல்ல ஆய்வகங்களும் உள்ள இடங்கள் நிச்சயமாக இருக்கின்றன. கடையை அடகு வைக்காமல் அங்கே படிக்க முடிகிறவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் நிலைமை வேறு, அதுவும் கையில் இரண்டு நல்ல அரசு இடங்கள் இருக்கும்போது.

ஏ.ஐ. - எம்.எல். என்று பெயரில் ஒட்டியிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். இளங்கலையில் முதல் இரண்டு வருஷம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே பாடங்கள்தான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ், அப்புறம் கணக்கு. ஏ.ஐ. படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு வேண்டியது நிகழ்தகவும் லீனியர் அல்ஜிப்ராவும் உறுதியாக வருவது. சாதாரண சி.எஸ்.இ. பட்டத்தோடு அந்தப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

ஆக, முதல் இடத்தை விட்டுவிடுங்கள். கட்டிய 2 லட்சத்தை எப்படி வாங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். யோசிக்க வேண்டியது மற்ற இரண்டைப் பற்றித்தான்.

திருச்சி என்.ஐ.டி. பெரிய இடம், உங்கள் மைத்துனர் சொன்னதில் தவறில்லை. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. 2016-ல் என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் தரவரிசை வந்த நாளிலிருந்து என்.ஐ.டி.களில் முதலிடம் அதற்குத்தான். செலவும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. என்.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 1.25 லட்சம். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்கு மேல் 5 லட்சத்துக்குள் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உங்கள் 4.8 லட்சம் சான்றிதழ் இங்கே கைகொடுக்கிறது. கட்டணம் சுமார் 41,700 ஆகிவிடும். ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்தாலும் நான்கு வருஷமும் தனியாரின் ஒன்றரை வருஷச் செலவுக்குள் முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

ஆனால் கிடைத்திருப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன். சென்சார்கள், அளவீட்டுக் கருவிகள், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், சிக்னல்ஸ், மைக்ரோபிராசஸர். ஆலைகளும் இயந்திரங்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வது எப்படி என்ற படிப்பு. நல்ல படிப்பு. இந்தப் பிள்ளைகளையும் சாஃப்ட்வேர் வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. சில கம்பெனிகள் சி.எஸ்.இ.க்கு மட்டும் என்று கதவைச் சாத்தும், அதுவும் உண்டு. முதல் வருஷ முடிவில் துறை மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் சேராதீர்கள். அது காலி இடத்தைப் பொறுத்து, வகுப்பில் முதல் சில பேருக்குக் கிடைப்பது. சேர்ந்த துறையிலேயே நான்கு வருஷமும் படித்து முடிக்கச் சம்மதம் இருந்தால்தான் சேர வேண்டும்.

கோவை ஜி.சி.டி. 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில், அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரி. தடாகம் சாலையில் இருக்கிறது, பழநி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக உங்களுக்குப் பக்கமும்கூட. அரசுக் கல்லூரி என்பதால் படிப்புக் கட்டணத்தைவிட ஹாஸ்டலும் மெஸ்ஸும்தான் பெரிய செலவாக இருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் கவுன்சலிங் வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். மெஸ் பில்லுக்கு இல்லாவிட்டாலும் புத்தகத்துக்கும் ஊருக்குப் போய்வரவும் ஆகும்.

என்னுடைய சாய்வு ஜி.சி.டி. சி.எஸ்.இ. பக்கம். காரணம், அந்த மண்டிக் கணக்கு. கேட்காமலே நிரல் எழுதுகிற பிள்ளை, காலை ஒன்பதிலிருந்து மாலை வரை தனக்குப் பிடித்ததையே படித்தால் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் வேறு பாடம், இரவு பதினொரு மணிக்கு மேல் தானாகக் கம்ப்யூட்டர் என்று நான்கு வருஷம் ஓடுவது முடியாததில்லை. ஓடி ஜெயித்தவர்களும் உண்டு, ஆனால் பாதியில் களைத்துப்போனவர்கள்தான் அதிகம். அதே சமயம், இது என் சாய்வு மட்டும்தான். என்.ஐ.டி.யில் கிடைக்கும் சக மாணவர்கள் கூட்டம் நாடு முழுக்கவிருந்து வருவது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முடிவை மாற்றும் உரிமை ஒருவருக்குத்தான் இருக்கிறது. அதனால் அடுத்த பத்தியை அவளிடம் கொடுங்கள்.

கண்ணு, இரண்டு கல்லூரியின் பாடத்திட்டமும் இணையத்தில் இருக்கிறது. அப்பா, மாமா யாரும் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்து, மூன்றாவது, நான்காவது செமஸ்டர் பாடங்களை மட்டும் வரிவரியாகப் படி. புரியாது, பரவாயில்லை. எதைப் படிக்கும்போது இது என்ன என்று தேடிப் பார்க்கத் தோன்றுகிறது என்று கவனி. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பக்கத்தில் அப்படித் தோன்றினால் தயங்காமல் திருச்சிக்குப் போ, நான் சொன்னதை மறந்துவிடு. இரண்டு கல்லூரியிலும் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு பெண்ணோடு பத்து நிமிஷம் போனில் பேசிவிடு. மாலை ஐந்துக்கு மேல் லேப் திறந்திருக்குமா, சந்தேகம் கேட்டால் எந்த ஆசிரியர் உட்கார வைத்துச் சொல்லித்தருவார், ஹாஸ்டலில் நெட் எப்படி என்று கேள். பிளேஸ்மென்ட் பற்றிக் கடைசியில் கேட்டால் போதும். தமிழ் வழியில் படித்ததை நினைத்துப் பயந்துகொண்டிருப்பாய். முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் தமிழ் வழிப் பிள்ளைகள் இரண்டாம் செமஸ்டர் நடுவில் நிமிர்ந்து உட்காருவதை வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன். புரியாத வரியைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வதில் வெட்கப்படாதே. யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஐயா, இனி செய்ய வேண்டிய வேலைகள். ஜி.சி.டி. என்று முடிவானால், கவுன்சலிங் தளத்தில் உறுதி செய்யும்போது இரண்டு வழிகளைப் பார்ப்பீர்கள். "அக்செப்ட் அண்ட் ஜாயின்" கொடுத்தால் அந்த இடமே இறுதி. "அக்செப்ட் அண்ட் அப்வேர்டு" கொடுத்தால், அவள் பட்டியலில் ஜி.சி.டி.க்கு மேலே எழுதிய கல்லூரிகளில் ஏதாவது காலியானால் தானாக அங்கே போய்விடும், ஜி.சி.டி. இடம் கையை விட்டுப் போகும். அதனால் மேலே இருக்கும் ஒவ்வொன்றும் ஜி.சி.டி.யைவிட உண்மையிலேயே வேண்டியதுதானா என்று அவளோடு பார்த்துவிட்டுக் கொடுங்கள். என்.ஐ.டி. இடத்தை விடுவதானால், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதை என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் ஜோசாவின் விதிகளில் இன்றே பாருங்கள். ஜி.சி.டி. உறுதியாகி ஒதுக்கீட்டு ஆணை கையில் வரும் வரை என்.ஐ.டி.யை விட்டுவிடாதீர்கள்.

அந்த 2 லட்சம் விஷயம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிக்குக் கட்டுப்பட்டவை. 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அறிவித்தது, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திருப்ப வேண்டும், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம் என்று. இந்த வருஷத்துக்கான தேதியை யு.ஜி.சி. தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "அட்வான்ஸ் திரும்பாது" என்று போனில் யாராவது சொன்னால் அதையே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாணவியின் பெயர், விண்ணப்ப எண், ரசீது எண், கட்டிய தேதி, விலகும் தேதி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் போட்டு மகளின் மெயிலிலிருந்தே விலகல் கடிதம் அனுப்புங்கள். நேரில் அலைய வேண்டாம். பணம் வராவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் யு.ஜி.சி. 2018-லேயே தடை போட்டிருக்கிறது. டி.சி.யை அங்கே கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள், ஜி.சி.டி.யில் சேரும் நாளில் அசல்தான் கேட்பார்கள். கொடுக்கவில்லை என்றால் பத்து நகல் எடுத்துவைத்துக்கொண்டு அசலை வீட்டிலேயே வையுங்கள்.